முகவரி இல்லாதவர்களுக்கும் நூலக அட்டை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, இனி தெருவுக்குத் தெரு கிளை நூலகம் எதற்கு என்று கேட்டிருந்தார். வடசென்னையில் தான் எட்டிப் பார்த்த ஒரு நூலகத்தில் அன்றைக்குப் பத்துப் புத்தகம்கூட இரவல் போகவில்லை, நாலைந்து பேர் பேப்பர் படித்தார்கள், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். சின்ன நூலகங்களை மூடிவிட்டு வட்டாரத்துக்கு ஒரு பெரிய நூலகம் வைத்தால் போதும் என்பது அவர் யோசனை. கண்ணால் பார்த்ததைத்தான் அவர் எழுதியிருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், எதற்காக அங்கே வந்து உட்கார்ந்தார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். அப்படிப்பட்ட ஒரு நூலகத்தில் ஐம்பது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்து வருபவள் நான். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ரங்கூனில். அப்பா அங்கே முகல் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதத்தில் 50 கியாத், 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வேலையும் போய், அரிசிப் பானைக்குள் அம்மா சேர்த்து வைத்திருந்த பணமும் போனது. 1965-ல் கப்பல் ஏறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினோம். எனக்கு ஏழு வயது, தம்பி கைக்குழந்தை. அரசாங்கக் காகிதத்தில் எங்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். தெருவில் ‘பர்மா அகதி’ என்றார்கள்.

வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் குடியேறிய இடத்தில் எங்களுக்கும் ஒரு குடிசை அமைந்தது. இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டு வீட்டில் நூலகம் இருந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவார். வேலை கிடைக்காத நாட்களில் அந்த நூலகத்துக்குப் போய்விடுவார். பெரியப்பா குடும்பம் இன்னும் ரங்கூனிலேயே இருந்தது. அங்கிருந்து ஏதாவது கப்பல் வருகிறதா, எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை துருவிப் பார்ப்பார். எங்களிடம் ரேஷன் கார்டு இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை, எங்களுக்காகக் கையெழுத்துப் போட இந்த ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஆனாலும் அங்கிருந்த நூலகர், “உக்காந்து படிக்கிறதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், உக்காருங்க” என்றாராம். அப்பா சாகும் வரை இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணக்கெழுதிய கை ஆனதால் அப்பாவுக்கு எழுத்து மணிமணியாக இருக்கும். நாளடைவில் அந்த மேசையில் உட்கார்ந்து மற்ற பர்மாக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ரேஷன் கார்டு மனு, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு, கடனுக்கு மனு என்று நாளுக்கு ஒருவராவது வருவார்கள். 1969-ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக ரெப்கோ வங்கி வந்தபோது அந்தச் செய்தியை அப்பா படித்ததும் அதே மேசையில்தான். பிறகு பர்மா பஜாரில் அவருக்கு ஒரு சின்னக் கடை அமைந்தது. நாங்கள் தலையெடுத்தது அதன் பிறகுதான்.

என் கதை வேறு. வீட்டில் தமிழ்தான் பேசுவோம், ஆனால் நான் படிக்கத் தெரிந்துகொண்டது பர்மிய எழுத்தை. அது வட்டம் வட்டமாக இருக்கும். இங்கே மாநகராட்சிப் பள்ளியில் ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். கூடப் படித்த பிள்ளைகள் என்னைவிட இரண்டு வயது சின்னவர்கள். எனக்கு அழுகையாக வரும். ஒருநாள் அப்பாவோடு நூலகத்துக்குப் போயிருந்தபோது நூலகர் படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஓர் ஆமை படம், பக்கத்தில் ‘ஆமை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. படத்தைப் பார்த்தே எழுத்தைப் பிடித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன் என்றால் அந்த ஆமை தந்த தைரியம்தான்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு யாராவது வந்து கணக்கெடுத்திருந்தால் அப்பா பேரிலும் என் பேரிலும் ஒரு புத்தகம்கூட இரவல் போயிருக்காது. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கில்தான் வந்திருப்போம்.

வடசென்னை எப்போதுமே வந்தவர்களின் ஊர். பின்னி மில்லுக்கு வேலைக்கு வந்தவர்கள், துறைமுகத்துக்கு வந்தவர்கள், ரயில்வேக்கு வந்தவர்கள், அப்புறம் நாங்கள். 1918-ல் பெரம்பூர்ப் பக்கத்து மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு படிப்பகம் இருக்கும். கட்சிக்கொடி பறக்கும், நாலு கீற்று, ஒரு பெஞ்சு, இரண்டு பேப்பர், அவ்வளவுதான். ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். மில் 1996-ல் மூடியது. படிப்பகங்களில் பலவும் போய்விட்டன. மிச்சம் இருப்பது இந்த நூலகங்கள்தான்.

சரி, இன்றைய நிலையைச் சொல்கிறேன்.

நான் சாயங்காலத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டி போடுகிறேன். மதியம் வாழைத்தண்டு நறுக்கிச் சூப்புக்கு வைக்கும் வரை எனக்கு வேலை இல்லை. அதனால் காலை நேரம் முழுக்க நூலகத்தில்தான். வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும். பெயர், முகவரி, கையெழுத்து. கொஞ்ச வருடங்களாக அந்த முகவரிக் கட்டத்தை நான் கவனித்து வருகிறேன். ‘டீக்கடை மாடி’ என்று இருக்கும். ‘மெட்ரோ ஷெட்’ என்று இருக்கும். ‘அத்தை வீடு’ என்று ஒரு பெண் எழுதுகிறாள். கையெழுத்துக் கட்டத்தில் தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் பார்க்கலாம். பெரம்பூரிலும் மாதவரத்திலும் மெட்ரோ வேலை நடப்பதால் வந்தவர்கள், மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள், கொருக்குப்பேட்டையில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்குகிறார்கள். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவன் பகலில் தூங்குவான். அன்றைக்கு வேலை இல்லாதவன் அவன் தூங்க இடம் விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் காசு கொடுக்காமல் உட்கார எங்கே இடம்? டீக்கடையில் ஒரு டீயோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அவர்களில் சிலர் இங்கே வருகிறார்கள்.

முதன்முதலில் அந்தப் பையன்களில் ஒருவனிடம் நான் பேசியதற்கு அவனுடைய செல்போன்தான் காரணம். மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தான். தலைகீழாகப் பார்த்தபோது வட்டம் வட்டமாக எழுத்து. எனக்கு நெஞ்சு திக்கென்றது. பர்மா எழுத்து என்றே நினைத்துவிட்டேன். அப்பாவின் கடையில் நின்று பழகிய அரைகுறை இந்தியில் கேட்டேன். ஒடியா என்றான். கிட்டத்தில் பார்த்தால் வேறு எழுத்துதான், ஆனாலும் ஒரு சாயல் இருக்கிறது. என் தம்பிக்குப் பேரன் இருந்தால் இவன் வயதுதான் இருப்பான், அவ்வளவு சின்னப் பையன். ஊரில் பத்தாவது வரை படித்திருக்கிறான். இங்கே ஒரு வருடமாகக் கம்பி கட்டுகிறான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது ‘அண்ணா’, ‘சாப்பாடு’, ‘வேலை’, ‘சீக்கிரம்’. இவ்வளவுதான் இந்த ஊர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

எங்கள் நூலகரிடம் சொன்னேன். அவர் சிறுவர் அலமாரியில் தேடி நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட ஒரு படக்கதையை எடுத்துக் கொடுத்தார். அந்த நிறுவனம் ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் போடுவது வழக்கம். அதே கதையின் ஒடியாப் பதிப்பை எங்கோ சொல்லித் தன் சொந்தக் காசில் வரவழைத்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தோம். படம் ஒன்று, எழுத்து வேறு. பையன் விரல் வைத்து அந்தப் பக்கம் படிப்பான், நான் இந்தப் பக்கம் படிப்பேன். மூன்று மாதத்தில் பஸ் பலகை படிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். அப்புறம் அவன் அறைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குடும்பத்தோடு இங்கே இருப்பவர், மகளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அந்தக் குழந்தை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார். அவளையும் கூட்டி வரச் சொன்னேன். இப்போது என்னை ‘பர்மா ஆயா’ என்றுதான் கூப்பிடுகிறாள், எங்கள் தெருப் பிள்ளைகள் கூப்பிடுவது போலவே.

2023 ஜூன் 2 ராத்திரி ஒடிசாவில் பாலசோர் மாவட்டம் பஹானகா பஜார் ஸ்டேஷனில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் சிக்கியது. நாட்டுக்கே பெரிய துக்கம். எங்கள் பகுதிக்கு அது வீட்டுத் துக்கம் மாதிரி, ஏனென்றால் அந்த ரயிலில்தான் இந்தப் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவன் அழுதுகொண்டே நின்றான். அவன் அண்ணன் அந்த வண்டியில் வந்துகொண்டிருந்தான், போன் போகவில்லை. நூலகர் கதவைத் திறந்ததும் எல்லாப் பேப்பரையும் மேசையில் பரப்பினார். உதவி எண்களைக் குறித்துக்கொண்டு தன் போனிலிருந்து ஒவ்வொன்றாக அடித்தார். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மருத்துவமனைப் பட்டியல்களைத் தேடினார்கள். சாயங்காலம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் அன்றைக்கு வண்டி போடவில்லை. இருட்டிய பிறகு கட்டாக்கில் ஒரு மருத்துவமனையில் அந்த அண்ணன் கால் முறிந்து படுத்திருக்கிறான் என்று தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று கேட்டதும் அந்தப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கும் எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போயிருக்காது.

வருகிறவர்களுக்கு மட்டும்தான் என்றில்லை, போகிறவர்களுக்கும் இந்த இடம் வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நிறைய. போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தாள். அவள் புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஓர் ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார்கள், தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறேன் என்றாள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே படித்துப் பார்த்தார்கள். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டும்தான் வேலைக்கு ஆள் அனுப்பலாம், அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இது எங்கள் பகுதியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதிவு பெற்றவர்களின் பெயர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கின்றன. நூலகத்துக் கம்ப்யூட்டரில் தேடினார்கள். அந்த ஏஜென்ட் பெயர் அதில் இல்லை. தாலிக்கொடி தப்பியது. அவள் கையிலும் செல்போன் இருக்கிறது, வாசகர் சொன்ன மாதிரியே. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று செல்போன் அவளுக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைப் பார்க்க ஒரு நிரந்தரமான இடம் வேண்டும்.

இன்னொரு வகைப் பெயர்ச்சியும் எங்கள் பக்கம் உண்டு. கால்வாய்க் கரையில் இருந்த குடும்பங்களை எடுத்துப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்தார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது, உண்மைதான். ஆனால் அது ஊரின் இன்னொரு கோடி. பதிவேட்டில் ‘அத்தை வீடு’ என்று எழுதுகிற பெண் அப்படிப் போன குடும்பத்தைச் சேர்ந்தவள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். கூடப் படிக்கும் தோழிகள் இங்கே, சந்தேகம் கேட்க அக்காமார் இங்கே, அங்கே அவளுக்கு இன்னும் ஒருவரையும் சரியாகத் தெரியாது. வாரக் கடைசியில் அத்தை வீட்டுக்கு வந்து இரண்டு நாளும் நூலகத்திலேயே கிடப்பாள். அவள் உறுப்பினர் அட்டை பழைய முகவரியில் இருக்கிறது. அந்த முகவரியில் இப்போது வீடே கிடையாது.

எனக்கு வருத்தம் தருவது இந்த முகவரி விஷயம்தான். உட்கார்ந்து படிக்க ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால் உறுப்பினர் ஆக வேண்டும், அதற்கு முகவரிச் சான்று வேண்டும். அந்தக் கம்பி கட்டும் பையனுக்கு ஆதார் ஊர் முகவரியில் இருக்கிறது. அறை வாடகைக்கு விட்டவர் ஒரு வரி எழுதித் தர மாட்டார், ஏனென்றால் எட்டுப் பேரை அடைத்து வைத்திருப்பது தாளில் வருவதை அவர் விரும்பவில்லை. அப்பாவுக்கு 1965-ல் கிடைக்காத அட்டை இன்றைக்கு இவனுக்கும் கிடைக்கவில்லை. அறுபது வருடம் ஓடிவிட்டது.

எங்கள் நூலகர் என்ன செய்கிறார் என்றால், தன் சொந்த அட்டையில் எடுத்துக் கொடுக்கிறார். நானும் என் அட்டையில் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு யாரிடம் எந்தப் புத்தகம் என்று எழுதி வைத்திருக்கிறோம். இந்த மூன்று வருடத்தில் இப்படிக் கொடுத்ததில் திரும்பாதவை நான்கு. அதில் ஒன்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அறைக்குள் தண்ணீர் புகுந்து நாசமானது. அந்த ஆள் ஊறிய புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்து காட்டினார், விலையைக் கொடுக்கிறேன் என்று நின்றார். நாங்கள் வாங்கவில்லை. இன்னொரு புத்தகம், அதை எடுத்தவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டார், கை நழுவிப் போனது என்றே நினைத்தோம். ஆறு மாதம் கழித்து அதே ஊரிலிருந்து வேலைக்கு வந்த வேறொரு பையன், ஒரு துணிப்பையில் அந்தப் புத்தகத்தையும் கொஞ்சம் அவலையும் கொண்டு வந்து கொடுத்தான். அதைத் திரும்பிய கணக்கில் சேர்த்துவிட்டேன், நான்கில் அது இல்லை.

அந்த மனிதர்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கொண்டு வந்த முதல் மாகாணம் நாம்தான். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எவ்வளவு பாடுபட்டார் என்பது தங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள், ரூபாய்க்கு 10 பைசா. வீட்டுக்காரர் அதை எங்கிருந்து கட்டுகிறார்? வாடகையிலிருந்துதான். ஓர் அறைக்கு எட்டுப் பேரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற வாடகையில் அந்தப் பத்துப் பைசாவும் இருக்கிறது. வரி அவர்களிடமிருந்து வரும்போது முகவரி கேட்பதில்லை, புத்தகம் கொடுக்கும்போது மட்டும் கேட்கிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்து வைத்தார். முகவரி உள்ள ஒவ்வொரு வாசகருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பெரிய நூலகங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் நமக்குப் பெருமை. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல வசதி, அப்படி இன்னும் பல இடங்களில் வரட்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் கம்பி கட்டியவன் குளித்துவிட்டு லுங்கியோடு நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் நூலகம். இடுப்பில் பிள்ளையோடு ஒப்பந்தக் காகிதத்தைக் காட்ட வருகிறவளுக்குப் பஸ் இலவசம்தான், இருந்தாலும் அரைநாள் வேலையை விட்டு வட்டார நூலகத்துக்குப் போக மாட்டாள். அங்கே போனால் யாரைக் கேட்பது என்றும் அவளுக்குத் தெரியாது. இங்கே கதவு பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும்.

தங்கள் நாளிதழ் மூலமாக அரசாங்கத்திடம் நான் கேட்க விரும்புவது பெரிய தொகை எதுவும் செலவாகாத காரியங்கள். ஆதாரில் எந்த ஊர் முகவரி இருந்தாலும் அதையே வைத்துக்கொண்டு, காப்புத்தொகை வாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் என்று தற்காலிக அட்டை கொடுக்கலாம். புத்தகம் வராவிட்டால் காப்புத்தொகை இருக்கிறது. நோட்டில் எழுதி வைத்துக் கொடுத்தே எங்களுக்குத் திரும்பி வருகிறது என்றால், அட்டை போட்டுக் கொடுத்தால் இன்னும் ஒழுங்காக வரும். பெரும்பாக்கம் போன பெண்ணுக்குப் பழைய அட்டையை ரத்து செய்யாமல் புது முகவரியை எழுதிக் கொடுங்கள், இங்கேயே எடுத்து இங்கேயே கொடுக்கட்டும்.

இரண்டாவது, மொழி. கன்னிமாராவுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் படி வந்து சேர்கிறது, ஒடியா, வங்காளம், இந்தி எல்லாம் அதில் சேர்த்தி. அவை வெளியே போகக்கூடாத படிகள், அதைக் கேட்கவில்லை. ஆனால் கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை என்று ஒன்று 1972 முதல் பொது நூலகங்களுக்குப் புத்தக உதவி செய்து வருகிறது என்று நூலகர் சொன்னார். அப்படி வழி இருக்கும்போது வெளி மாநிலத் தொழிலாளர் நிறைய இருக்கும் பகுதிகளில் ஒடியா, இந்தி, தெலுங்கு, வங்காளம் என்று மொழிக்கு ஒரு தட்டு வைக்க முடியாதா? பக்கத்திலேயே அதே கதையின் தமிழ்ப் புத்தகத்தையும் வையுங்கள். அவர்களுக்குத் தமிழ் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். தமிழ் எப்படி வரும் என்பது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். தெரிந்த எழுத்துக்குப் பக்கத்தில் தெரியாத எழுத்தை வைத்தால் வரும்.

நேரம்தான் அடுத்தது. ஷிஃப்டு முடிந்து அவர்கள் வரும்போது எங்கள் கதவு பூட்டியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி ஒன்பது வரை திறந்து வைக்கலாம். அதற்கு நூலகரையே பிழியக் கூடாது, இன்னோர் ஆள் போட வேண்டும். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். தொழிலாளர்கள் தங்கும் ஷெட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டு போக இன்றைக்கு ஓர் ஆட்டோ போதும்.

அப்புறம் அந்தக் கணக்கு. இரவல் போன புத்தகங்களை மட்டும் எண்ணி ஒரு நூலகத்தை மூடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள். வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் புரட்டுங்கள். முகவரிக் கட்டத்தில் மக்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் நூலகம் இருக்கும் தெருவையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரு பயமும் இல்லை. சொந்த அட்டையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற அந்த நூலகருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அவருக்கு ஒரு கேள்வி வரக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39.